கை வைத்த தலை

டிவியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. விட்டுவிட்டு அடிக்கிற பள்ளிக்கூட மணி இல்லை, ஒரே இழுப்பாக இழுத்து அடிக்கிற மணி. சட்டசபை வராந்தாவில் டீ குடித்துக்கொண்டும் போன் பேசிக்கொண்டும் நிற்கிற உறுப்பினர்களை உள்ளே கூப்பிடுகிற மணி. அது நின்றதும் கதவுகளை அடைத்துவிடுவார்கள், ஓட்டெடுப்பு முடிகிற வரைக்கும் உள்ளே இருக்கிறவர் வெளியே வர முடியாது, வெளியே நிற்கிறவர் உள்ளே போக முடியாது என்று அவள் புருஷன் அறவாழி ஒரு தரம் சாப்பிட்டுக்கொண்டே சொல்லியிருக்கிறார். பூரணம் அமைச்சர் பங்களாவின் கூடத்தில், சோபாவின் விளிம்பில், விழுந்துவிடாத அளவுக்கு மட்டும் உட்கார்ந்திருந்தாள். அரசாங்கத்து சோபாவில் சாய்ந்து உட்கார அவளுக்கு இன்னும் பழகவில்லை, பழகுவதற்குள் காலி பண்ணச் சொல்லிவிடுவார்கள் போலிருக்கிறது. அடுப்படியில் குக்கர் ஏறியிருக்கிறது, மாடியில் மகள் நங்கை பரீட்சைக்குப் படிக்கிறாள், தோட்டக்காரன் எத்திராஜு குழாயைச் செடிக்குப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டான். எல்லாம் சாதாரணமாகத்தான் இருக்கிறது. தலைதான் சாதாரணமாக இல்லை. உச்சியில், வகிட்டுக்குக் கொஞ்சம் பின்னால், ஒரு கை இருக்கிறது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிகிறது, கட்சிக்கொடி பதித்த மோதிரம் போட்ட விரல் மட்டும் கூடுதலாக அழுத்துகிறது. தடவிப்பார்த்தால் முடிதான் இருக்கிறது, பூ வைக்காத வெறும் முடி. தடவிய கையை எடுத்ததும் அது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்தக் கையை அவள் தலையில் வைத்துத்தான் அறவாழி முதலமைச்சர் வரதையனுக்குச் சத்தியம் செய்துகொடுத்தார், இந்த ஆட்சி முடிகிற வரைக்கும் உங்களோடு இருப்பேன், கவிழ்க்கமாட்டேன் என்று. இன்றைக்கு மணி நின்று கதவடைத்த பிறகு அவர் கவிழ்க்கப்போகிறார். அவரோ மற்றவர்களோ அவளிடம் சொல்லவில்லை, ஆனாலும் அவளுக்குத் தெரியும். அப்படியானால் அந்தத் தலை என்ன ஆகும்? அதைப் போய் யாரிடம் கேட்பது, கேட்டால் சிரிப்பார்கள்.

சிரிக்கத்தான் செய்வார்கள், அவர்கள் கட்சியில் இதெல்லாம் கிடையாது. சாமி கிடையாது, சகுனம் கிடையாது, ராகுகாலம் கிடையாது. சுடலைமுத்து என்று பெற்றவர்கள் வைத்த பெயரைக் காலேஜ் நாளிலேயே கழற்றிப்போட்டுவிட்டு அறவாழி ஆனவர் அவர். கல்யாணத்தில் ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, ஒலிபெருக்கியில் மூன்று மணி நேரம் பேச்சுதான். ஆனால் தேதியை மட்டும் மாமியார் யாருக்கும் தெரியாமல் பஞ்சாங்கம் பார்த்துக் குறித்திருந்தாள், அது அவருக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொண்டார். தெரியாத மாதிரி இருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. தேர்தல் முடிந்து இரண்டு பெரிய கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாமல் போனபோது, ஒரு காரில் ஏற்றிவிடக்கூடிய அவர்கள் கட்சி உறுப்பினர்களைத் தேடி இரண்டு பக்கத்துக் கார்களும் ஓடின. கடைசியில் வரதையனே வந்துவிட்டார், அப்போது இருந்த வாடகை வீட்டுக்கு, வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க மாடியேறி. ஒப்பந்தமெல்லாம் பேசி முடிந்தபின் ஒரு தொண்டர் பேனாவை நீட்டினார். வரதையன் அதை வாங்கவில்லை. "அறவாழி, நா பழைய காலத்து ஆளு. கையெழுத்துப் போட்டவங்கல்லாம் என்னைய எங்க கொண்டுபோய் விட்டாங்கன்னு ஊருக்கே தெரியும். யார் தலையிலயாவது கைய வச்சு ஒரு சத்தியம் பண்ணிக் குடுங்க, அது போதும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. அறவாழி சுற்றிப் பார்த்தார், பிறகு உள்ளே பார்த்து, "பூரணம், கொஞ்சம் இங்கன வா" என்றார். அவள் வடைக்கு அரைத்த உளுந்துமாவு விரலில் ஒட்டியிருக்க, அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்து நின்றாள். என்ன ஏது என்று கேட்பதற்குள் கை தலையில் இருந்தது. சூடான, கொஞ்சம் ஈரமான கை. அவளுக்குப் பயமே வரவில்லை, அதைத்தான் இன்றைக்கு நினைத்து நினைத்துப் பார்க்கிறாள். கூச்சமாக இருந்தது, பிறகு பெருமையாக இருந்தது. நாலு பேர் முன்னால் அவர் அவளைத் தொட்டதே இல்லை. இத்தனை ஆம்பிளைகள் நடுவில், ஒரு அரசாங்கமே தொங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில், அவருக்கு உசத்தியாகத் தோன்றியது என் தலை என்று நினைத்து, அன்றைக்கு வடையில் உப்புப் போட மறந்துபோனாள். வரதையன் ஒன்றும் சொல்லாமல் தின்றுவிட்டுப் போனார்.

அப்புறம் எல்லாம் தடதடவென்று ஏறியது. கவர்னர் மாளிகையில் பதவியேற்பு, அங்கே அவர் கடவுள் பெயரைச் சொல்லவில்லை, உளமார உறுதி கூறுகிறேன் என்று கட்சி வழக்கப்படிதான் சொன்னார், தொண்டர்கள் அதற்குக் கைதட்டினார்கள். பாசனத்துறை கிடைத்தது, பங்களா கிடைத்தது, முன்னாலும் பின்னாலும் போலீஸ் கிடைத்தது. ஆட்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வழி இருந்தது. அவள் பேப்பர் படிப்பதில்லை, காலையில் எழுந்து போர்ட்டிகோவில் செருப்புகளைப் பார்ப்பாள். முதல் மாசங்களில் செருப்பு படியெல்லாம் நிறைந்து, ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் வரைக்கும் கிடக்கும். வேலை கேட்டு வந்தவர்களின் தேய்ந்த செருப்பு, குத்தகைக்காரர்களின் பளபளப்பான செருப்பு, மாலை போட வந்த பிள்ளைகளின் ரப்பர் செருப்பு, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். வெளியே வருகிறவர்கள் ஒற்றைச் செருப்போடு நின்று மற்றதைத் தேடுவதைப் பார்க்க அவளுக்குச் சிரிப்பாக வரும். கட்சி ஆட்கள் அந்தச் சத்தியப் படத்தைப் பெரிசு பண்ணி, கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினார்கள். படத்தில் வரதையன் நடுவில் உட்கார்ந்திருக்கிறார், அறவாழி நிற்கிறார், நீட்டிய அவர் கைக்குக் கீழே, சட்டத்தின் அடி விளிம்பில், ஒரு பெண்ணின் உச்சந்தலை. நெற்றிவரைக்கும்தான் இருக்கிறது, முகத்தைச் சட்டம் வெட்டிவிட்டது. சத்தியம் என்று போட்டால் கட்சிக்குக் கேவலம் என்று, "துணைவியாரை வாழ்த்துகிறார்" என்று கீழே எழுதியிருந்தார்கள். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது யார் என்று அவளிடமே கேட்டிருக்கிறார்கள். அவளும் சிரித்துக்கொண்டு, யாரோ என்று சொல்லியிருக்கிறாள்.

மணி நின்றுவிட்டது. டிவியில் இரண்டு காவலர்கள் பெரிய மரக்கதவை இழுத்துச் சாத்துவதைக் காட்டினார்கள். சத்தம் வரவில்லை, ஆனாலும் தாழ்ப்பாள் விழுந்தது அவள் காதில் கேட்டது, டிவிக்குள்ளிருந்து இல்லை, வீட்டுக்குள் எங்கேயோ இருந்து. யார் கதவைச் சாத்தினது? நங்கையாக இருக்கும். காற்றாக இருக்கும். எழுந்துபோய்ப் பார்க்கலாம், ஆனால் எழுந்தால் தலையில் இருப்பது கீழே விழுந்துவிடுமோ, விழுந்தால் எது விழும் என்று ஒரு கிறுக்குத்தனமான நினைப்பு வந்து அவளை உட்கார்த்திவைத்தது. அத்தையும், அறவாழியைப் பெற்ற ஆத்தா, இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். அத்தையை நினைக்கக்கூடாது என்று காலையிலிருந்து எத்தனை தரம் ஒதுக்கினாலும் அவள் வந்து வந்து நிற்கிறாள், கையில் முறத்தோடு. அது அவருடைய முதல் தேர்தல், கூட்டுறவு சொசைட்டித் தேர்தல். பண்ணையார் வீட்டு ஆளுக்கு எதிராக நிற்கமாட்டேன் என்று ஆத்தா தலையில் கைவைத்துச் சொல்லிவிட்டு, நின்றார், ஜெயித்தார். மாலையோடு ஊருக்குள் வந்துகொண்டிருக்கிறார், இங்கே முற்றத்தில் அத்தை பருப்புப் புடைத்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி பூரணம், என் தலைமேல யாரு கைய வச்சுக்கிட்டு நிக்கா, எடுக்கச் சொல்லு" என்றாள். பூரணம் திரும்பிப் பார்த்தாள், யாரும் இல்லை. யாரும் இல்லை அத்தை என்று சொல்லி முடிப்பதற்குள் அத்தை பருப்பின்மேல் சாய்ந்துவிட்டாள். வயசாச்சு, ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொன்னார். அறவாழியும் அதையேதான் சொன்னார், கழுத்தில் இருந்த மாலையைக் கழற்றி ஆத்தாவுக்கே போட்டார், எல்லாரும் அழுதார்கள். சரி, ரத்தக்கொதிப்புத்தான். அப்புறம் கட்சி முதல்முதலாக உடைந்தபோது கூடப்பிறந்த அண்ணன் தலையில் வைத்தார். பழைய தலைவரை விட்டுப் போகமாட்டேன் என்று வைத்துவிட்டு ஒரு மாசத்துக்குள் போனார். அந்த மாசம் முழுக்க அந்த மச்சான் தலையைத் தலையை உதறிக்கொண்டு திரிந்தார். துண்டு கட்டின மாதிரி இருக்கு என்பார், இரண்டு கையையும் தூக்கி, இல்லாத துண்டை அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொள்வார். பிள்ளைகள் பின்னால் நின்று அதேமாதிரி செய்து காட்டிச் சிரிக்கும். பைபாஸ் ரோட்டில் லாரி வந்தபோதும் இரண்டு கையையும் தலைக்குத் தூக்கிக்கொண்டுதான் நின்றாராம், பார்த்தவர்கள் சொன்னார்கள். லாரிக்காரன் குடித்திருந்தான். அதுவும் சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கத்தான் இருக்கிறது, அவளுக்கும் ஏதாவது ஒரு காரணம் இருக்கும். அது எதுவாக இருக்கும் என்று அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். மேலே ஃபேன் சுற்றுகிறது. அதை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். இப்போது வியர்க்கிறது, உச்சியில் மட்டும் வியர்க்கவில்லை, அந்த இடம் மண்பானையைத் தொட்ட மாதிரி சில்லென்று இருக்கிறது.

இந்தச் சில்லிப்பு எப்போது ஆரம்பித்தது? செருப்பு குறைய ஆரம்பித்தபோதுதான். முதலில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு இடைத்தேர்தலில் சீட்டு கேட்டார்கள், வரதையன் கொடுக்கவில்லை. ஒரு அணைக்கட்டுத் திறப்பு விழாவில் கல்வெட்டில் அறவாழி பெயரைச் சின்னதாக வெட்டிவிட்டார்கள், அதற்கு அவர் மூன்று நாள் சாப்பாட்டில் குறை சொன்னார். வீட்டுக்கு வருகிற கட்சிக்காரர்கள் குரலைத் தாழ்த்திப் பேச ஆரம்பித்தார்கள், அவள் காபி கொண்டுபோனால் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். போர்ட்டிகோவில் படி தெரிய ஆரம்பித்தது, பிறகு ரோஜாத் தொட்டி தெரிய ஆரம்பித்தது. சாய்கிற வீடு காக்காய்க்குத் தெரிகிற மாதிரி வேலை கேட்கிறவர்களுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது. அப்போதுதான் ஒரு நாள் எண்ணெய் தேய்க்கும்போது உச்சியில் எண்ணெய் இறங்காமல் நின்றது. நங்கையைக் கூப்பிட்டு, "தலையில என்னமும் இருக்கா பாரு" என்றாள். நங்கை முடியை விலக்கிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லியேம்மா" என்றாள். எத்திராஜு இந்தப் பங்களாவில் பல அமைச்சர்களைப் பார்த்தவன், சாமந்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே அவளையே பார்த்தான். "முன்ன இருந்தாங்களே ஒரு அமைச்சர் வூட்டம்மா, அவங்களும் இப்டித்தாம்மா, நின்னா தலையத் தடவுவாங்க, ஒக்காந்தா தலையத் தடவுவாங்க" என்றான். "ஏனாம்?" என்றாள். "யாருக்குத் தெரியும். அவங்க வூட்டுக்காரரு ஆட்சியக் கவுத்தாரு இல்ல, அந்த வாரமே அவங்க..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டான். அதற்கப்புறம் அவளைக் கண்டாலே அவனுக்குப் பின்பக்கம் வேலை வந்துவிடுகிறது. இன்று காலையில் படியில் ஒரே ஒரு ஜோடிதான் கிடந்தது, புதுசு, இந்த வீட்டுக்கு அதுவரை வராத செருப்பு. எதிர்க்கட்சித் தலைவர் தாண்டவமூர்த்தியின் மைத்துனருடையது. கொஞ்ச நேரம் பேசிவிட்டு பின்வாசல் வழியாகப் போனார், போனவர் செருப்புக்காக முன்வாசலுக்குச் சுற்றி வரவேண்டியதாயிற்று. அறவாழி நாலு இட்லியும் முழுசாகச் சாப்பிட்டார். "ஓட்டு வரதையனுக்குத்தான?" என்று சட்னி விட்டுக்கொண்டே கேட்டாள். "உனக்கு எதுக்கு அந்தச் சோலி" என்றார். கோபமாகக்கூட இல்லை. கிளம்பும்போது, "டிவி பாக்காத, தலை வலிக்கும்" என்றார். சொல்லும்போது அவள் கண்ணைப் பார்த்தார், கண்ணுக்கு மேலே பார்க்கவில்லை. நெற்றியில் என்ன பொட்டு வைத்திருந்தாள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

டிவியில் சபாநாயகர் என்னவோ சொன்னார். சபையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எண்ணுகிறார்கள், முதல் பகுதியில் ஆட்சியை ஆதரிக்கிறவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு ஆள் நடந்துபோய் விரலை நீட்டி நீட்டித் தலைகளை எண்ணினார், சந்தையில் ஆடு எண்ணுகிற மாதிரி. எண்ணி முடித்ததும் உட்காரச் சொன்னார்கள். அறவாழி உட்கார்ந்திருப்பது கடைசிக்கு முந்தின பகுதி, அங்கே வருகிறதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பூரணம் டிவியை விட்டுக் கண்ணைத் திருப்பினாள், கண் போய்ச் சுவரில் இருந்த படத்தில் விழுந்தது. தினம் பார்க்கிற படம்தான். வரதையன், அறவாழி, கை, தலை. ஆனால் அறவாழியின் இடுப்பை ஒட்டி ஒரு காபித் தட்டும், தட்டைப் பிடித்த இரண்டு கையும், ஒரு பச்சைத் தாவணியும் இருக்கின்றன. நங்கை. அன்றைக்கு நங்கைதான் எல்லாருக்கும் காபி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவர் கையை நீட்டவேண்டியதுகூட இல்லை, அப்படியே தொங்கவிட்டிருந்தால் அவள் தோளில்தான் பட்டிருக்கும், கொஞ்சம் தூக்கியிருந்தால் தலை. அவ்வளவு பக்கத்தில் ஒரு தலை இருக்கும்போது, அடுப்படியில் மாவுக்கையோடு நின்றவளை எதற்குக் கூப்பிட்டார்? பெற்ற பெண்ணைவிடப் பெண்டாட்டி உசத்தி என்றா? அட அசடே, அப்படியா நினைத்தாய், அப்படி நினைத்தா ஒரு வருஷமாகக் கண்ணாடி முன்னால் நின்று சிரித்தாய்? அவர் சுற்றிப் பார்த்தாரே, அந்தப் பார்வை. மீன் வாங்கும்போது எதைக் குழம்புக்கு, எதைப் பூனைக்கு என்று பார்க்கிற பார்வை. அன்றைக்கே தெரியும் அவருக்கு. கூட்டணி ஏறுகிற அன்றைக்கே, மாலையின் ஈரம் காயுமுன்னே, இது ஒரு நாள் உடையும், உடைப்பது தானாகத்தான் இருக்கும் என்று தெரிந்து, அதற்கு எந்தத் தலை போனால் தாங்கும் என்று பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். அப்படியானால் அவருக்கும் நம்பிக்கை உண்டு. மேடைமேடையாக மூடநம்பிக்கையைக் கிழித்தவருக்கு, உள்ளுக்குள், ஆத்தா பருப்பின்மேல் சாய்ந்ததும் அண்ணன் துண்டை அவிழ்த்ததும் எதனால் என்று நன்றாகத் தெரியும். அழுகையாகத்தான் வரும் என்று பூரணம் நினைத்தாள், வேறு ஒன்று வந்தது. பிள்ளையை விட்டாரே. பக்கத்திலேயே இருந்தும் பிள்ளை தலையில் வைக்காமல் தாண்டிப் போனதே அந்தக் கை. தகப்பன் என்று ஒரு துளி அந்த மனுஷனுக்குள் மிச்சம் இருந்திருக்கிறது, அந்தத் துளிக்காக என் தலை போனால் போகட்டும். இருபத்திரண்டு வருஷம் அவருக்குச் சமைத்ததில் வராத ஒரு சமாதானம் அப்போது அவளுக்கு வந்தது. மன்னித்துவிட்டேன் என்று வாய்விட்டே சொன்னாள், குக்கர் விசில் அடித்தது.

கடைசிக்கு முந்தின பகுதி. ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம். முன்வரிசையில் இருந்தவர்கள் எழுந்தார்கள், பின்வரிசையில் எழுந்தார்கள், நடுவில் ஒரு பள்ளம் விழுந்த மாதிரி அறவாழியும் அவர் கட்சிக்காரர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சபையில் சத்தம் எழுந்தது. வரதையன் திரும்பிப் பார்த்தார். கேமரா அறவாழியிடம் போனது, அவர் நேரே பார்த்துக்கொண்டிருந்தார், வலது கையை மேஜைமேல் மல்லாத்தி வைத்திருந்தார், தன்னுடையது இல்லாத ஒரு சாமானை வைத்திருக்கிற மாதிரி. பூரணம் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். வரட்டும். எதிலிருந்து வந்தாலும் வரட்டும். நங்கை படித்து முடிக்கட்டும், குக்கரை யாராவது இறக்கிவைக்கட்டும். தலையில் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக எடுபட்டன, சுண்டுவிரல் முதலில், மோதிரவிரல் கடைசியில். பாரம் போய்விட்டது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தால் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கீழே பெரிய எழுத்தில் ஆட்சி கவிழ்ந்தது என்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் இருந்தாள். இருக்கிறாளா? கையைக் கிள்ளிப் பார்த்தாள், வலித்த மாதிரியும் இருந்தது, வலிக்கும் என்று தெரிந்ததால் வலித்த மாதிரியும் இருந்தது. தலை லேசாக இருந்தது, இருக்கவேண்டியதைவிட லேசாக. அத்தைக்குச் செத்தது தெரிந்திருக்குமா? தெரியாமல் இன்னமும் அந்த முற்றத்தில் உட்கார்ந்து பருப்புப் புடைத்துக்கொண்டிருந்தால் யார் கண்டது?

கார்கள் வந்தன. ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியாதபடி. போர்ட்டிகோவில் செருப்புகள் விழுகிற சத்தம் மழை பிடித்த மாதிரிக் கேட்டது. கூடம் நிறைந்தது, வெள்ளைவேட்டிகள், வியர்வை, ரோஜாமாலை. அறவாழி உள்ளே வந்தார், அவளுக்கு இரண்டடி தூரத்தில் நடந்து போனார், திரும்பவில்லை. ஒருவர் அவள்மேல் உரசிக்கொண்டு போனார், மன்னிக்கணும் என்று சொல்லவில்லை. "வீட்டுல அம்மா இல்லியா, காபி கீபி?" என்று ஒரு குரல் கேட்டது. அவள் நான் இங்கதான் இருக்கேன் என்றாள். சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லையோ, சத்தமே வரவில்லையோ. எத்திராஜு வாசல்படியில் நின்று எட்டிப் பார்த்தான், அவன் பார்வை அவள் நிற்கிற இடத்தைக் கடந்துபோய்ச் சுவரில் நின்றது. அவள் பின்னுக்கு நகர்ந்து நகர்ந்து படத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டாள். நான் இல்லை போலிருக்கிறது என்று தோன்றியது, பயமாக இல்லை, கொஞ்சம் வெட்கமாக இருந்தது, விருந்துக்கு வந்து இலை கிடைக்காதவளைப் போல.

சோபாவில் தாண்டவமூர்த்தி சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த முதலமைச்சர் அவர்தான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. நல்ல கறுப்பு, கனத்த கண்ணாடி, அவசரமில்லாத பேச்சு. "கவர்னரப் பாக்கப் போறதுக்கு முன்னால ஒரே ஒரு விஷயம், அறவாழி. வரதையனுக்குப் பண்ணினத நீங்க எனக்கும் பண்ணமாட்டீங்கன்னு நான் எப்படி நம்புறது?"

"கையெழுத்துப் போட்டுத் தாரேன் தலைவரே."

"அது அவருக்கும்தான் போட்டிருப்பீங்க." தாண்டவமூர்த்தி சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்தார். "நானும் சத்தியம்தான் கேக்கலாம்னு இருக்கேன். ஆனா அந்த அம்மா தலை வேணாம். அது செல்லாது."

கூடத்தில் சிரிப்பு எழுந்து அடங்கியது. அறவாழி சுற்றிப் பார்த்தார். அதே பார்வை. கட்சிக்காரர்களைத் தாண்டி, படத்தைத் தாண்டி, அதன் கீழே நின்றவளையும் தாண்டி, அந்தப் பார்வை மாடிப்படிக்குப் போனது.

"நங்கை" என்று கூப்பிட்டார். "அம்மாடி, கொஞ்சம் கீழ வாம்மா."

மாடியில் நாற்காலி நகர்ந்தது. கொலுசில்லாத கால் படியில் இறங்குவது பூரணத்துக்குக் கேட்டது. நங்கை கையில் புத்தகத்தோடு, பக்கம் தவறாமல் ஒரு விரலை உள்ளே வைத்துக்கொண்டு, வந்து அப்பாவின் பக்கத்தில் நின்றாள். என்னப்பா என்றாள். அறவாழியின் வலது கை எழுந்தது. பூரணம் நடந்தாளா, ஓடினாளா, ஆட்கள் நடுவே எப்படிப் போனாள் என்று அப்புறம் யோசித்தால் அவளுக்கே தெரியவில்லை. போய் அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். அறவாழி தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார், பேயைப் பார்த்த முகம், வாய் திறந்து அவள் பெயரைச் சொல்லப் பார்த்து வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்ததும்தான் தனக்கு உயிர் இருக்கிறது என்று அவளுக்கு உறுதியாயிற்று.

"வாங்கம்மா" என்றார் தாண்டவமூர்த்தி, எழுந்துகொண்டு. "நீங்கதானா அது?"

"நாந்தாங்க" என்றாள் பூரணம். நங்கையை இடது கையால் தனக்குப் பின்னால் தள்ளினாள். வலது கையில் இருந்த புருஷனின் கையைத் தூக்கி, அவர் தலையிலேயே வைத்து, தன் கையால் மேலே அழுத்திக்கொண்டாள். "இப்பச் சொல்லுங்க, என்ன சொல்லணுமோ அத. உங்க தலையில வச்சே சொல்லுங்க."

தோட்டத்தில் குழாய்த் தண்ணீர் வழிந்து ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் உள்ளங்கைக்குக் கீழே அவர் கை உருவிக்கொள்ளப் பார்த்தது, அவள் விடவில்லை. சொல்லுங்க அறவாழி என்று தாண்டவமூர்த்தி மெதுவாகச் சொன்னார். அறவாழி உதட்டை நனைத்துக்கொண்டார். "நான் வந்து" என்றார். பிறகு சுட்டுவிட்ட மாதிரி அவள் பிடியிலிருந்து கையைப் பிடுங்கி எடுத்து, வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

தாண்டவமூர்த்தி அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் வரேம்மா" என்று பூரணத்திடம் மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனார். போர்ட்டிகோவில் அவர் செருப்பைத் தேடி எடுக்க ரொம்ப நேரம் ஆனது. அவருக்குப் பின்னால் மற்றவர்களும் தேடினார்கள், ரோஜாத் தொட்டிவரைக்கும் தரை தெரிந்தது, பிறகு படி தெரிந்தது. கவர்னர் யாரையும் ஆட்சியமைக்கக் கூப்பிடவில்லை, கவர்னர் ஆட்சிதான் என்று சாயங்காலச் செய்தியில் சொன்னார்கள். நங்கை டிவியை நிறுத்திவிட்டுப் படிக்கப் போனாள். பூரணம் அடிப்பிடித்த சோற்றைக் கொட்டிவிட்டு வேறு சோறு வடித்து, ஒரு ரசம் வைத்தாள், பெட்டிகளைப் பரணிலிருந்து எடுக்க எத்திராஜுவைக் கூப்பிட்டாள். இந்தத் தரம் அவன் ஒரே கூப்பாட்டில் வந்தான், அவள் கண்ணைப் பார்த்தே பேசினான்.

கூடத்தில் அறவாழி தனியாக உட்கார்ந்திருந்தார். லைட்டுகூடப் போடவில்லை. அவள் சுவரில் இருந்த படத்தைக் கழற்ற வந்தபோது, அவர் இரண்டு கையையும் தலைக்குத் தூக்கி, எதையோ அவிழ்த்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார். தோளில் ஒன்றும் விழவில்லை. மறுபடியும் கையைத் தூக்கினார்.

"பூரணம்" என்றார். குரல் அவருடையதாகவே இல்லை. "என் தலையில என்னமும் இருக்கா, பாரேன்."

அவள் லைட்டைப் போட்டு, பக்கத்தில் வந்து, தொடாமல் குனிந்து பார்த்தாள். முன்னைக்கு நரை கூடியிருந்தது.

"ஒண்ணுமில்லியே" என்று சொல்லிவிட்டு, நங்கையைச் சாப்பிடக் கூப்பிடப் போனாள்.